குட்டிப் பீமன் மிட்டாய்

"அம்மா, உப்பு ஏன் மஞ்சளா இருக்குது?" என்று அத்தாயி கேட்டபோது பாவாயி அடுப்பிலிருந்து தலையைத் தூக்கவில்லை. எட்டு வயதுப் பெண்ணுக்குச் சாமைச் சோறு இறங்காத நாளில் உப்பு மஞ்சளாகவும் இருக்கும், பச்சையாகவும் இருக்கும். இந்த மூன்று வாரமாகத் தட்டிலிருந்து எழுந்து ஓட அவள் சொல்லாத சாக்கு இல்லை.

"கண்ணைக் கழுவீட்டு வந்து தின்னு சாமி."

அத்தாயி கழுவிக்கொண்டு வந்தாள். வந்தவள் வாசற்படியிலேயே நின்றாள். "தண்ணியும் மஞ்சளா இருக்குதும்மா. செவுரு, கோழி, உம்பட சீலை, எல்லாமே மஞ்சளு. மூலையில இருட்டு மட்டும் கத்திரிப்பூவாட்டம் இருக்குது."

பாவாயி எழுந்து வந்து மகளின் முகவாயைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினாள். இமையைக் கீழே இழுத்துப் பார்த்தாள். விழி பால்போல வெள்ளையாக இருந்தது. காமாலை இல்லை. கழுத்தில் புறங்கையை வைத்தாள், சூடும் இல்லை. அப்பாடா என்று மூச்சு விடுவதற்குள் பக்கத்து வீட்டிலிருந்து பெருமாயியின் குரல் வந்தது.

"பாவாயீ, இங்க வா! எம்பட புள்ளை என்னென்னமோ பேசறாளே! வெயிலு மஞ்சத் தண்ணியாட்டம் ஊத்துதுங்கறா!"

எட்டு வீடுகள் கொண்ட பட்டி அது. மலைமேல் வாழவந்தி நாட்டில் ஒரு சரிவோரம், மிளகுக் கொடிகளுக்கும் சாமைக் காட்டுக்கும் நடுவே இருந்தது. வெயில் பலா மரத்து உச்சிக்கு ஏறுவதற்குள் ஐந்து பிள்ளைகள் ஒரே பேச்சைப் பேசினார்கள். எல்லாம் மஞ்சள். ஒருத்தி வாந்தி எடுத்தாள். ஒருத்தன் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

ஊர்ப் பெரியவர் குப்புசாமிக் கவுண்டர் வந்தார். அவர் வயதில் மட்டும்தான் பெரியவர் என்பது பாவாயியின் எண்ணம். ஆனால் புருஷனுக்குப் பெரியப்பா என்பதால் அந்த எண்ணத்தை அவள் வாய்க்குள்ளேயே வைத்திருந்தாள். அவர் ஐந்து பிள்ளைகளையும் வரிசையாக நிறுத்தி, "என்ன நெறம் தெரியுது?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். ஐந்தும் ஒரே பதிலைச் சொன்னதும் அவருடைய கை தானாகக் கூப்பிக்கொண்டது.

"மாரியாத்தா வந்துட்டா. இன்னும் முத்துப் போடலை. வாரதுக்கு முன்னால தன்னோட நெறத்தைக் காட்டுறா."

இருபது வருஷத்துக்கு முன்னால் அந்தப் பட்டியில் அம்மை போட்டு ஒரே மாதத்தில் பதினொரு பேர் போனார்கள். பாவாயிக்கு அப்போது ஆறு வயது. அவளும் அதில் கிடந்து பிழைத்தவள்தான். கன்னத்தில் தழும்பு இன்னும் இருந்தது. கூடப் படுத்திருந்த அக்காவும் தங்கையும் பிழைக்கவில்லை. கவுண்டர் சொல்லி முடித்ததும் மற்றவர்களைப் போலவே அவளும் கையைக் கூப்பினாள்.

பிறகு நடந்ததெல்லாம் அந்த ஊர் எப்போதும் செய்வதுதான். மேற்கே போகும் தடத்திலும் கிழக்கே போகும் தடத்திலும் வேப்பிலைக் கயிறு குறுக்கே கட்டப்பட்டது. கட்டிய கயிற்றை உள்ளேயிருந்து யாரும் தாண்டக் கூடாது, வெளியேயிருந்தும் யாரும் வரக் கூடாது. எண்ணெய்ச் சட்டி வைக்கக் கூடாது. மருந்து என்ற பேச்சே கூடாது. அம்மைக்கு மருந்து கொடுத்தால் ஆத்தா கோபித்துக்கொண்டு பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போய்விடுவாள். கயிறு கட்டியவர்களில் பாவாயியின் புருஷன் அர்த்தனாரியும் ஒருவன். பெரியப்பா ஒரு முடிச்சுப் போடச் சொன்னால் அவன் இரண்டு போடுவான்.

வீட்டுக்குத் திரும்பிய பாவாயிக்கு ஒன்று மட்டும் உறுத்தியது. அம்மை வருவதற்கு முன்னால் உடம்பு எப்படிக் கொதிக்கும் என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. இந்தப் பிள்ளைகளின் உடம்போ பச்சைத் தண்ணீராக இருந்தது. இன்னொன்று, பயந்த பிள்ளை அம்மாவை ஒட்டும். அத்தாயி ஒதுங்கினாள். தானியக் குதிருக்குப் பின்னால் போவதும் வருவதுமாக இருந்தாள். திருட்டுப் பூனை உறியைப் பார்ப்பது போல அந்த மூலையையே பார்த்தாள்.

குதிருக்கு முன்னால்தான் சின்னவன் ராசு படுத்திருந்தான். மூன்று வயது முடியவில்லை. விடிந்து இவ்வளவு நேரமாகியும் கூழ் கேட்டு அழவில்லை. ஊரே அமளிப்பட்டதில் பாவாயி அதைக் கவனிக்காமல் விட்டிருந்தாள். இப்போது குனிந்து தூக்கினாள். தலை தொங்கியது. அடியில் விரித்த துணி நனைந்திருந்தது. அந்த ஈரம் மென்று துப்பிய வெற்றிலைச் சாறு நிறத்தில் இருந்தது.

"ராசு. சாமி. கண்ணைத் தெற." 

கண் பாதி திறந்தது. பார்வை அவள்மேல் நிற்காமல் கூரைக்குப் போனது. வலது கை ஒரு வெட்டு வெட்டி இழுத்து, பிறகு ஓய்ந்தது.

பாவாயி மகளைப் பார்த்தாள். அத்தாயி சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றாள்.

"குதிருக்குப் பின்னால என்ன வச்சிருக்கிற?"

"ஒண்ணுமில்லீம்மா."

"அத்தாயி."

"சத்தியம் பண்ணியிருக்கோம்மா. பெரியவங்களுக்குச் சொல்லக் கூடாது. சொன்னாப் படையில சேத்துக்க மாட்டாங்க."

ஒரு கையில் பிள்ளையை வைத்துக்கொண்டு மறுகையைக் குதிருக்குப் பின்னால் விட்டாள் பாவாயி. தகர டப்பாக்கள் தட்டுப்பட்டன. ஒவ்வொன்றாக எடுத்தாள். ஆறு. மண் போட்டு வெளிப்புறத்தைத் துலக்கிப் பளபளவென்று வைத்திருந்தார்கள். ஆறும் காலி. மூடியில் ஒரு கொழுத்த பிள்ளை, தோளில் கதாயுதம், காலடியில் உடைந்த பாறை, வாயெல்லாம் சிரிப்பு.

அவளுக்கு அந்தச் சிரிப்பைத் தெரியும். மலையில் எல்லாருக்கும் தெரியும். மூன்று வாரத்துக்கு முன்னால் செம்மேட்டுச் சந்தைக்குத் தொப்பி போட்ட ஒருவர் வந்தார். சட்டைக்கு மேலே இன்னொரு சட்டை போட்டிருந்தார். இரண்டு சுமையாட்கள் அடிவாரத்திலிருந்து ஒரு பாட்டுப் பெட்டியைத் தூக்கி வந்தார்கள். வீட்டுச் சுவர் உயரத்துக்கு ஒரு படத் துணியைக் கட்டினார்கள். அதில் இதே பிள்ளை. பெட்டியின் கைப்பிடியைச் சுற்றியதும் அது பாடியது.

ஒண்ணு தின்னா ஆனைப் பலம்,
பத்துத் தின்னா பத்தானைப் பலம்,
அழுது கேளு, அம்மா தருவா,
குட்டிப் பீமன் மிட்டாயி!

பாட்டுப் பெட்டியைப் பார்த்தறியாத மலை அது. பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்கள். தொப்பிக்காரர் எல்லாப் பிள்ளைக்கும் ஒரு காகிதத் தொப்பி மாட்டிவிட்டார். ஆளுக்கொரு மிட்டாய் வாயில் போட்டார். ஆறு காலி டப்பா கொண்டுவருகிறவர்கள் குட்டிப் பீமன் படையில் சேரலாம், படையில் சேர்ந்தவர்களுக்குப் படம் போட்ட பித்தளை வில்லை உண்டு, நெஞ்சில் குத்திக்கொள்ளலாம் என்றார். மூன்றாவது சந்தைதான் கடைசி. அதற்குமேல் வந்தால் வில்லை கிடையாது. படையின் ரகசியத்தைப் பெரியவர்களிடம் சொல்லக் கூடாது.

அன்று முதல் அத்தாயிக்குச் சாமை கசந்தது. வள்ளிக்கிழங்கு நாறியது. "படத்துல இருக்கிற புள்ளை இதையெல்லாமா திங்குது?" என்று கேட்டாள். அழுது கேட்கச் சொல்லியிருந்தார்கள், அழுது கேட்டாள். பாவாயி முதுகில் இரண்டு வைத்தாள். அதோடு விட்டது என்றுதான் நினைத்திருந்தாள்.

விடவில்லை. மிளகு பறிக்கும் காலம் அது. கொடிக்கு அடியில் உதிர்ந்து கிடக்கும் மிளகு பிள்ளைகளுக்கு என்பது மலையில் வழக்கம். ஐந்து பிள்ளைகளும் பனி ஈரத்தில் மண்டி போட்டுப் பொறுக்கி, சந்தைக்குச் சந்தை கொண்டுபோய் டப்பாவாக மாற்றியிருந்தார்கள்.

"டப்பாதான வேணும்? உள்ள இருந்ததைக் கொட்டித் தொலைச்சிருக்கலாமல்ல?" என்று கத்தினாள் பாவாயி.

அத்தாயி நிமிர்ந்து பார்த்தாள். முதல் தடவையாக அவள் முகத்தில் நியாயம் பேசும் களை வந்தது. "திங்கற பண்டத்தைக் கொட்டலாமாம்மா? நீதான சாமைப் பருக்கை சிந்துனாக் கூடப் பொறுக்கச் சொல்லுவ? அதான் பங்கு போட்டோம்."

பாவாயி பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். பன்றி வேட்டையாடி வந்தால் அந்த மலையில் ஆளுக்கு ஆள் சரிபங்கு. வேட்டைக்கு வராத கிழவனுக்கும் பங்கு. வயிற்றுக்குள் இருக்கும் பிள்ளைக்கும் பங்கு எடுத்து வைப்பார்கள். யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, பிள்ளைகள் பார்த்தே கற்றுக்கொள்ளும்.

"ராசுவுக்கு?"

"தம்பிக்கு இல்லாம திம்போமா? அவனுக்கும் எடுத்து வச்சேன். இன்னைக்குக் கடைசிச் சந்தைன்னு நேத்துப் பொழுதோட மிச்சமிருந்த மூணு டப்பாவையும் முடிச்சுட்டோம்."

"அவன் பங்கு எத்தனை?"

அத்தாயி இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினாள். பிறகு ஒரு கையை மறுபடியும் காட்டினாள்.

மடியில் ராசு விறைத்தான். முதுகு வில்லாக வளைந்தது, பல் கிட்டியது, வாயோரம் நுரை கட்டியது. பாவாயி அவன் பெயரைச் சொல்லிக் கத்தியதில் அர்த்தனாரி ஓடி வந்தான். பிள்ளை ஓய்ந்து துவண்டதும் அவள் டப்பாவை அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"இதுதானுங்க. ஆத்தாளும் இல்லை, முத்தும் இல்லை. இதைத்தான் எல்லாக் கழுதைகளும் தின்னிருக்குது."

அர்த்தனாரி டப்பாவை முகர்ந்து பார்த்தான். விரலை விட்டுத் துடைத்து நாக்கில் வைத்தான். "இனிக்குது புள்ளே. இனிக்கிறது யாரையாச்சும் கொல்லுமா?"

கெட்டிக்காரக் கேள்வி. கசப்பதுதான் மருந்து, எரிப்பதுதான் விஷம், இனிப்பது தேன் என்று தெரிந்த மலையில் யாரும் அப்படித்தான் கேட்பார்கள். பாவாயி டப்பாவுக்குள் மடித்துத் திணித்திருந்த ஒரு துண்டுக் காகிதத்தை எடுத்து விரித்தாள். அதில் பொடி எழுத்தாக என்னவோ அச்சடித்திருந்தது. அந்த எட்டு வீட்டில் எழுத்தறிந்தவர் ஒருவரும் இல்லை.

"செம்மேட்டுக்குப் போறேனுங்க. அக்பர் அலி பாய் படிப்பாரு."

"கயிறு கட்டியிருக்குது."

"தெரியும்."

"பெரியப்பா..."

அவள் காத்திருக்கவில்லை. பிள்ளையை மாரோடு சேர்த்துச் சேலையால் இறுக்கிக் கட்டிக்கொண்டு நடந்தாள். கிழக்குத் தடத்தில் குப்புசாமிக் கவுண்டர் தடியை ஊன்றிக்கொண்டு நின்றார்.

"கயித்தைத் தாண்டாத பாவாயி. தாண்டினா உம்பட புள்ளையோட போவாது. மத்த நாலு ஊட்டுப் புள்ளைகளும் போவும். அந்தப் பாவத்தை எங்க கொண்டுபோய்க் கழுவுவ?"

அவள் நின்றாள். அந்த ஒரு கணத்தில் பட்ட பயத்தை அவள் பிறகு வாழ்நாளெல்லாம் மறக்கவில்லை. அவர் சொல்வது உண்மையாக இருந்தால்? அக்காளும் தங்கையும் பாயில் கிடந்த கிடை கண்முன் வந்தது. ராசுவின் குதிகால் அவள் இடுப்பில் மறுபடி வெட்டியது. அவள் குனியவில்லை, தாண்டவும் இல்லை. கயிற்றைப் பிடித்து அறுத்தாள். வேப்பிலை காலடியில் விழுந்தது. பின்னால் ஊரே ஒரு குரலாக அலறியது.

ஓடினாள். தடம் ஓடையில் இறங்கி மறுபடி ஏறியது. எதிரே மூட்டைச் சுமையோடு வந்தவர்கள், "என்னாச்சுங்க?" என்று கேட்டார்கள். அவர்கள் மூச்சு தன்மேல் படாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஒருவேளை அம்மையாகவே இருந்தால் அதை நடுச்சந்தைக்கல்லவா தூக்கிக்கொண்டு போகிறாள்? மிட்டாயாக இருந்தால் நேரம் போய்க்கொண்டிருக்கிறது. இரண்டில் எதற்குப் பயப்படுவது என்று தெரியாமல் இரண்டுக்கும் பயந்தபடி ஓடினாள். வழியில் இரண்டு தடவை ராசு விறைத்தான். இரண்டாவது தடவை உதடு நீலமாகி, திரும்ப நிறம் வர வெகுநேரம் ஆனது.

பின்னால் சின்னக் கால்கள் ஓடிவரும் சத்தம் கேட்டது. அத்தாயி. அழுதுகொண்டே வந்தாள், மூக்கு ஒழுகியது, முழங்காலில் விழுந்த காயத்தில் ரத்தம். தம்பிமேல் எத்தனை உசிர் என்று அந்த அவசரத்திலும் பாவாயிக்கு நெஞ்சு இளகியது. மகள் கக்கத்தில் இடுக்கியிருந்த துணி மூட்டையை அப்போது கவனிக்கவில்லை.

செம்மேட்டில் அக்பர் அலியின் கடை சந்தை மேட்டுக்கு முகப்பில் இருந்தது. சேந்தமங்கலத்துக்காரர். உப்பும் துணியும் கருப்பட்டியும் மலைக்கு ஏற்றி, மிளகும் கடுக்காயும் இறக்குகிறவர். அவர் கடைத் தூணிலும் குட்டிப் பீமன் சிரித்தான். ஒரு அடுக்கு டப்பாவும் இருந்தது.

"பாய், இதைப் படியுங்க. மொதல்ல படியுங்க."

அவர் பிள்ளையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், கண்ணாடியை மாட்டினார். உதடு அசையப் படித்தார். பாதியில் உதடு நின்றது.

"எத்தனை தின்னான் தாயி?"

"பதினஞ்சுங்க."

"யா அல்லா." அவர் மிளகு மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார். "இது வயித்துப் பூச்சிக்கு மருந்து தாயி. சர்க்கரை பூசின பூச்சி மருந்து. நாலு வயசுக்கு மேலதான் கொடுக்கோணும், அதுவும் ஒண்ணே ஒண்ணு. மறுநாள் வெளக்கெண்ணெய் கொடுக்கோணும். கைக்கொழந்தைக்கு அறவே கூடாதுன்னு போட்டிருக்குது. கூடினாப் பார்வை மஞ்சளாகும், வலிப்பு வரும்..." அதற்கு மேலும் ஏதோ ஒரு வார்த்தை அச்சில் இருந்தது. அவர் அதைப் படிக்கவில்லை. காகிதத்தை மடித்துப் பையில் வைத்தார். "மூணு வாரமா இதை விக்கிறேன். ஒரு தடவை பிரிச்சுப் படிக்கலையே பாவி நான்."

அவர் தூணிலிருந்த படத்தைக் கிழித்தெறிந்தார். அடுப்பில் வெந்நீர் போட்டு உப்பைக் கரைத்தார். இரண்டு பேருமாகப் பிள்ளையின் பல்லைக் கரண்டிக் காம்பால் நெம்பி ஊற்றினார்கள், தொண்டைக்குள் விரலை விட்டார்கள். வந்தது. மறுபடி ஊற்றினார்கள். மறுபடி வந்தது. பிறகு விளக்கெண்ணெய். கடைக்குப் பின்புறம் நிழலில் மடியில் போட்டுக்கொண்டு பாவாயி உட்கார்ந்தாள். பிள்ளையின் மார்பு ஏறுகிறதா என்று பார்த்தாள். ஏறியது. அடுத்தது ஏறுமா என்று பார்த்தாள். வேண்டுதல் எதுவும் வாயில் வரவில்லை. எந்தச் சாமியைக் கூப்பிடுவது? கயிறு அறுத்தவளுக்கு எந்தச் சாமி வரும்?

வெகுநேரம் கழித்து ராசு முனகினான். "தண்ணி" என்றான். பாவாயி வாய்விட்டு அழுதது அப்போதுதான். அவன் குடித்தான். உடனே வயிறு பிடித்துக்கொண்டது. கடைக்குப் பின்னால் மண்ணிலேயே உட்கார வைத்தாள். எண்ணெய் வேலை செய்தது. வெளியே வந்ததைப் பார்த்து அந்தப் பக்கம் போன ஒரு பெண், "அய்யோ!" என்று வாயில் கை வைத்தாள். பூச்சிகள். ஒரு கொத்தாக, நீளநீளமாக, சில இன்னும் நெளிந்துகொண்டிருந்தன.

சந்தையில் ஒரு பெண் "அய்யோ" என்றால் இருபது பேர் கூடுவார்கள். கூடினார்கள். அவர்களை விலக்கிக்கொண்டு தொப்பிக்காரர் வந்தார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு அத்தாயி வந்தாள். அவள் நெஞ்சில் புத்தம்புதிதாக ஒரு பித்தளை வில்லை மின்னியது. அழுத முகம் அப்படியே இருந்தது, கன்னத்தில் கண்ணீர்த் தடம் காயவில்லை.

"தம்பி பொழச்சுட்டானாம்மா?" என்று கேட்டாள். உண்மையான கவலையோடுதான் கேட்டாள். கேட்டபடியே வில்லையைத் தடவிப் பார்த்துக்கொண்டாள்.

தொப்பிக்காரர் மண்ணைப் பார்த்தார். பிள்ளையைப் பார்த்தார். நொடி நேரம் அவர் முகம் வெளிறியதைப் பாவாயி பார்த்தாள். அடுத்த நொடி அவர் குரல் சந்தையெல்லாம் கேட்டது.

"தாய்மார்களே, பாருங்கள்! இந்தப் பச்சைப் பிள்ளை வயிற்றில் எத்தனை பாம்பு! இதை வைத்துக்கொண்டு எந்தப் பிள்ளைக்குச் சோறு ஒட்டும்? குட்டிப் பீமன் உள்ளே போனான், சத்துருவெல்லாம் வெளியே வந்துவிட்டது!"

"செத்துப் பொழச்சிருக்கானுங்க!" பாவாயி எழுந்து கத்தினாள். "வலிப்பு வந்து நீலமாப் போயிட்டானுங்க! பதினஞ்சு தின்னுட்டு..."

"பதினைந்து தின்றும் பிழைத்திருக்கிறான்! கேட்டுக்கொள்ளுங்கள், தாயே சொல்கிறாள்! அப்படியானால் ஒன்று தின்றால் எத்தனை நல்லது!"

அக்பர் அலி காகிதத்தைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார். "பொய்யி! இதுல போட்டிருக்குது, நான் படிக்கிறேன், கேளுங்க!" என்றார். தொப்பிக்காரர் சிரித்தார். "பாய் கடையில் வாங்காமல் நேரே என்னிடம் வாங்குகிறீர்கள் என்று அவருக்கு வயிற்றெரிச்சல்," என்றார். கூட்டமும் சிரித்தது. கண்ணால் கண்டதற்கு மேல் காகிதத்தில் என்ன இருக்கிறது? பெண்கள் தங்கள் பிள்ளைகளின் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார்கள். முந்தானை முடிச்சுகள் அவிழ்ந்தன. மிட்டாய்ப் பெட்டி காலியாகும்வரை பாவாயி கத்தினாள். யாருக்கும் அவள் குரல் கேட்கவில்லை. பிள்ளை பிழைத்த மகிழ்ச்சியில் ஏதோ பேசுகிறாள் என்று ஒருத்தி அவள் தோளைத் தட்டிக் கொடுத்தாள்.

அவள் ஊருக்குத் திரும்பி, யார் தடுத்தும் கேளாமல் வீடு வீடாகப் போய் நான்கு பிள்ளைகளுக்கும் அத்தாயிக்கும் விளக்கெண்ணெய் ஊற்றினாள். மஞ்சள் இரண்டு நாளில் போனது. எல்லார் வயிற்றிலிருந்தும் பூச்சி போனது. அதுதான் வினை. குப்புசாமிக் கவுண்டரே, "ஆத்தா மிட்டாய் ரூபத்துல வந்து வயித்தைச் சுத்தம் பண்ணீட்டுப் போயிட்டா," என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். கயிறு அறுத்த குற்றமும் அதோடு மன்னிக்கப்பட்டது. நாலாம் நாள் கூரைச் செருகலில் ஒரு புது டப்பா இருப்பதைப் பாவாயி பார்த்தாள். அர்த்தனாரி வாங்கி வந்தது. "வருசத்துக்கு ஒருக்கா நல்லதாமே," என்றான். அவள் அதை எடுத்துப்போய் ஆழமாகக் குழி வெட்டிப் புதைத்தாள். வெட்டும்போது இரண்டு பிள்ளைகளும் எங்கே நின்று பார்க்கின்றன என்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

அடுத்த சந்தை நாளில் அவள் மிளகு எடுத்துப் போகவில்லை. செம்மேட்டிலிருந்து தடம் மூன்றாகப் பிரியும் இடத்தில் காலையிலிருந்து நின்றாள். போகிறவர்களையும் வருகிறவர்களையும் மறித்தாள். "அதை வாங்காதீங்க. வாங்கியிருந்தாப் புள்ளைக்குக் கொடுக்காதீங்க," என்றாள். சிலர் நின்று கேட்டார்கள். சிலர் தலையாட்டிவிட்டுப் போனார்கள். தொண்டை கட்டிவிட்டது. மூன்று பேர் மட்டும் வாங்கிய டப்பாவை அவளிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள். அந்த மூன்றையும் காலடியில் வைத்துக்கொண்டு நின்றாள். மூன்று வீடு தப்பித்தது என்று நினைத்துக்கொண்டாள்.

பொழுது சாயத் தொடங்கியபோது திருப்புலி நாட்டுப் பக்கம் போகும் பெண்கள் கூட்டமாக வந்தார்கள். அவர்களில் ஒருத்திக்கு வயது இருபதுகூட இருக்காது. இடுப்பில் எட்டு மாதக் குழந்தை. பாவாயி வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே அவள் நின்று, உற்றுப் பார்த்து, முகம் மலர்ந்தாள்.

"ஏனுங்க, அந்த ராசுங்கற பையனோட அம்மா நீங்கதானுங்களே? கன்னத்துத் தழும்பைச் சொன்னாங்க."

"ஆமாங்க. உங்ககிட்டத்தான் சொல்லோணும்..."

"உங்க பையன் கதையைக் கேட்டுத்தானுங்க விடியறதுக்கு முன்னால பொறப்பட்டு வந்தோம். எனக்கு ரெண்டு தங்கலீங்க. இது மூணாவது." அவள் முந்தானையிலிருந்து டப்பாவை எடுத்தாள். மூடியைத் திறந்து, ஒரு மிட்டாயை எடுத்துப் பாவாயியின் உள்ளங்கையில் வைத்தாள். "செத்த புள்ளையைப் பொழைக்க வச்ச கையி. அந்தக் கைராசியில, மொத மிட்டாயை நீங்களே இதும்பட வாயில வச்சுடுங்க. அதுக்கப்பறம் நான் கொடுத்துக்கறேன்."

குழந்தை பாவாயியைப் பார்த்துப் பொக்கை வாயைத் திறந்து சிரித்தது.

"வேண்டாங்க கண்ணு," என்றாள் பாவாயி. குரல் கம்மி, காற்றாகத்தான் வந்தது. "கைக்கொழந்தைக்குக் கூடவே கூடாது. செத்துப் போயிடும். காகிதத்துல போட்டிருக்குது."

"நீங்க படிச்சீங்களா?"

"இல்லீங்க. பாய் படிச்சாரு."

இளையவளின் முகம் மெல்ல மாறியது. கூட வந்தவர்களைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு பாவாயியின் காலடியில் இருந்த மூன்று டப்பாக்களைப் பார்த்தாள்.

"உம்பட புள்ளைக்கு மூணு சேத்து வச்சிருக்கற," என்றாள். மரியாதை போய்விட்டது. "எம்பட புள்ளைக்கு ஒண்ணு கொடுக்க மனசு வரலை."

"அய்யோ இல்லை சாமி, நாஞ்சொல்றதைக் கேளு..."

பாவாயி கையை நீட்டினாள். அவள் குழந்தையை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டாள். கூட வந்த பெண்கள் நடுவில் வந்து நின்றார்கள். அவர்கள் தோளுக்கு மேலே பாவாயிக்குக் குழந்தையின் முகம் மட்டும் தெரிந்தது. தாய் டப்பாவிலிருந்து ஒன்றை எடுத்து அதன் நாக்கில் வைத்தாள். குழந்தை திகைத்தது. சப்பியது. இனிப்பு தெரிந்ததும் கண் விரிந்து, காலை உதைத்துக்கொண்டு, இன்னும் கேட்டு வாயைத் திறந்தது.